மிளகளவு சூரியன்

அன்று மத்தியானம் நான் கட்டிக்கொண்டது அரக்கு நிறப் பட்டு. நீடாமங்கலத்தில் எங்கள் தலைமை ஆசிரியையின் மகளுக்கு வளைகாப்பு. மூன்று மணிக்குள் வந்துவிடச் சொல்லியிருந்தார். அந்த ஊர் ரயில்வே கேட்டை நம்பி யாரும் நேரம் சொல்லக் கூடாது என்று போன வாரம்தான் இந்தப் பத்தியில் புலம்பியிருந்தேன். அதனால் ஒரு மணிக்கே கிளம்ப ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் விழுவது கொல்லை அறையில்தான். மேற்குப் பார்த்த சன்னல். கணவர் போய்ச் சேர்ந்து, மகனும் சிங்கப்பூரில் வேலை என்று போனபிறகு, அலங்காரம் எல்லாம் அந்தச் சன்னலோரம்தான். பார்க்கத்தான் யாரும் இல்லையே, எந்த அறையாக இருந்தால் என்ன.

சன்னல் கட்டையில் ஒரு வட்டக் கண்ணாடி. மகன் ஒரு தடவை வந்தபோது வாங்கி வந்தது. காலில் நின்று சுழலும். ஒரு பக்கம் சாதாரணக் கண்ணாடி, மறுபக்கம் குழி ஆடி. குழிப் பக்கத்தில் பார்த்தால் முகம் பூசணிக்காய் அளவு தெரியும். தாடையில் முளைக்கும் இரண்டு முரட்டு முடியைப் பிடுங்க அதுதான் வசதி. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள். நான் ஆசிரியை, சொல்லிவிடுகிறேன்.

முடியைப் பிடுங்கினேன். பொட்டு வைக்க முழு முகமும் தெரிய வேண்டும் என்று கண்ணாடியைச் சுழற்றினேன். சாதாரணப் பக்கம் என்னைப் பார்த்தது. குழிப் பக்கம் சன்னலுக்கு வெளியே மேற்கைப் பார்த்தது. பொட்டு நேராக விழுந்த திருப்தியில் கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு, சன்னலையும் சாத்தாமல் கிளம்பினேன்.

கரண்டியில் முகம்

நான் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவள். ஒன்பதாம் வகுப்புக்கு ஆடிகள் பாடம் வந்தால் எனக்குத் தீபாவளி. சாப்பாட்டு டப்பாவில் இருக்கும் ஸ்பூனை எல்லோரும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். உட்பக்கம் பார்த்தால் தலைகீழாகத் தெரியும். வெளிப்பக்கம் பார்த்தால் நேராக, ஆனால் சுருங்கித் தெரியும். வகுப்பே ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அமர்க்களப்படும்.

அதன்பிறகு மெழுகுவத்தி. குழி ஆடிக்கு எதிரே சற்றுத் தள்ளி வைத்தால், எதிர்ச் சுவரில் ஒரு மெழுகுவத்தி தலைகீழாக எரியும். அது மெய் பிம்பம். கண்ணாடியில் பட்ட ஒளி திரும்பி வந்து நிஜமாகவே அந்த இடத்தில் கூடுகிறது. காகிதத்தை வைத்தால் காகிதத்தில் விழும். முகத்தைக் கண்ணாடிக்கு மிக அருகில் கொண்டுபோனால் பெரிதாக, நேராகத் தெரிகிறதே, அது மாய பிம்பம். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலத் தோன்றும். பின்னால் போய்த் தேடினால் ஒன்றும் இருக்காது.

ஒரு வருஷம் ஒரு பையன் எழுந்து கேட்டான். "டீச்சர், தலைகீழாத் தெரியிறத மெய்ங்கிறீங்க. நேரா, அழகாத் தெரியிறத மாயம்ங்கிறீங்க. இது என்ன நியாயம்?"

"நியாயம் எல்லாம் தமிழய்யாகிட்ட கேளுடா. இங்க ஒளி எங்க போய்ச் சேருதுங்கிறதுதான் கணக்கு" என்றேன். வகுப்பு சிரித்தது. எனக்கும் அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போய் ஒவ்வொரு வருஷமும் நானே அந்தக் கேள்வியைக் கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொள்வேன்.

கடைசியாக எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போவேன். குழி ஆடியை வெயிலில் காட்டி, அதன் முன்னால் ஒரு காகிதத்தை முன்னும் பின்னும் நகர்த்துவேன். வெளிச்ச வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் மிளகளவு ஆகும். "அது வெறும் வெளிச்சம் இல்ல. சூரியனோட பிம்பம். மெய் பிம்பம்" என்பேன். காகிதம் புகைந்து கருகி ஓட்டை விழும். பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

இத்தனையும் தெரிந்தவள்தான் கண்ணாடியை மேற்கே திருப்பி வைத்துவிட்டு வளைகாப்புக்குப் போனேன்.

சன்ஷேடுக்குக் கீழே

என் கொல்லைச் சன்னலுக்கு வெளியே கோவிந்தராசுவின் களம். சம்பா அறுவடை முடிந்த மாசி மாதம். அறுப்பு மெஷின் வயலில் சிதறிவிட்டுப் போகும் வைக்கோலை அள்ளி உருளையாகச் சுருட்டிக் கட்டித் தள்ளும் இன்னொரு மெஷின் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்திருந்தது. அதை ஓட்டியவர் கலியபெருமாள். அவர் அப்பா ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்து நிலத்தில் வேலை பார்த்தவர். கலியபெருமாளின் மகள் கயல்விழி என் பள்ளியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

வளைகாப்புக்கு முதல் நாள் சாயங்காலம் கலியபெருமாள் வந்து சன்னலுக்கு வெளியே நின்றார். "டீச்சர், வானம் இருட்டிக்கிட்டு வருது. இந்தக் கட்டெல்லாம் உங்க சன்ஷேடு கீழ அடுக்கிக்கட்டுமா? ரெண்டு நாள்ல எடுத்துடுறோம்."

"தாராளமா அடுக்குங்க" என்றேன்.

சன்னல் கட்டை உயரத்துக்கு வைக்கோல் ஏறியது. மழை வரவில்லை. மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது.

வளைகாப்பு வீட்டில் வளையல் போட்டு முடித்துச் சித்ரான்னம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நான் ஊருக்குள் நுழைந்தபோது தீயணைப்பு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. என் கொல்லைச் சுவர் முழுக்கக் கரி. சன்னல் கதவு பாதி இல்லை. வைக்கோலை ஒட்டியிருந்த கோவிந்தராசுவின் மாட்டுக் கொட்டகை சாம்பல். பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. கன்று கயிற்றை அறுக்கத் தெரியாத வயசு. பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை.

பத்து எண்ணுவதற்குள்

கலியபெருமாள் பீடி குடிப்பவர். அன்று மூன்று மணிக்கு வைக்கோல் பக்கத்தில் நின்று பீடி குடித்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவரும் இல்லையென்று சொல்லவில்லை. தீ எழுந்தது நான்கு மணிக்கு மேல். ஊருக்கு வேறு என்ன வேண்டும்?

மறுநாள் கொல்லை அறையைப் பெருக்கும்போது கண்ணாடி தரையில் கிடந்தது. குழிப் பக்கத்தில் புகை படிந்து, ஓரத்தில் ஒரு விரிசல். எடுத்துத் துடைத்தேன். துடைக்கும்போதே கை நின்றுவிட்டது. பொட்டு வைத்தது ஞாபகம் வந்தது.

நான்கு மணி வரை காத்திருந்தேன். கண்ணாடியை முன்பு இருந்த மாதிரியே கட்டையில் நிறுத்தினேன். கொல்லைப் பக்கம் போய், கருகாமல் மிச்சமிருந்த வைக்கோலை ஒரு கைப்பிடி எடுத்து, சன்னலிலிருந்து ஒரு முழ தூரத்தில் தாழப் பிடித்தேன். மிளகளவு வெளிச்சம் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. மனசுக்குள் எண்ணினேன். பத்து எண்ணுவதற்குள் புகை வந்தது. பதினைந்தில் கனன்றது.

காலால் தேய்த்து அணைத்துவிட்டு உள்ளே வந்து கண்ணாடியைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

பீடியாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். இருக்கலாம்தான். ஆனால் சோதனை செய்து பார்த்தவள் நான். முடிவு கண்ணுக்கு முன்னால் வந்தபிறகு சந்தேகத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்றால் அது சந்தேகம் இல்லை, கோழைத்தனம்.

சூடம்

அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் அம்மன் முன்னால் எரியும் சூடத்தைக் கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணினால் விஷயம் அத்தோடு முடிந்தது. அப்புறம் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது.

கோவிந்தராசு நல்ல மனுஷன். "போலீசு கேஸெல்லாம் வேணாம். கலியா, நீ சூடத்த அணைச்சுடு. நான் நம்பிட்டுப் போறேன்" என்றார்.

தட்டில் சூடம் எரிந்தது. கலியபெருமாள் கையை நீட்டினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

அவர் அம்மா பாக்கியம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. "அணைடா. நீதான் பீடிய மிதிச்சிட்டுத்தான் வந்தேன்னு சொன்னியேடா" என்று அவர் முழங்கையைப் பிடித்துத் தள்ளியது.

"மிதிச்சேன்னுதாம்மா நெனைக்கிறேன்" என்றார் கலியபெருமாள். "ஆனா சத்தியமாச் சொல்ல முடியல. ஒரு உசுரு போயிருக்கு. தெரியாதத எப்படிச் சத்தியம் பண்றது?"

சூடம் தானாக எரிந்து அணைந்தது. கூட்டத்துக்கு அது போதும். அணைக்கவில்லை என்றால் ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்.

பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் நான் நின்றேன். வாயைத் திறக்கவேண்டியது நான் ஒருத்திதான். என் வார்த்தைக்கு அந்த ஊரில் மறுவார்த்தை கிடையாது. எது தடுத்தது என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். பாவ புண்ணியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று மேடையில் பேசியவள் நான். ஆனாலும் கன்றைக் கொன்றவள் என்ற பேர் என்மேல் வருவதற்குப் பயந்தேன். இயற்பியல் டீச்சரே கண்ணாடியால் ஊரைக் கொளுத்தினாள் என்று சிரிப்பார்களே என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன். இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

மேகமூட்டம்

அதன்பிறகு கலியபெருமாள் கையில் வைக்கோலை யாரும் நம்பிக் கொடுக்கவில்லை. மெஷின்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். ஊரில் அவருக்குப் 'பீடிக் கலியன்' என்று பேர் விழுந்தது. அன்றோடு அவர் பீடியை விட்டுவிட்டார். பேர் மட்டும் விடவில்லை.

அடுத்த ஜூனில் கயல்விழி ஒன்பதாவது, என் வகுப்பு. ஒரு நாள் பின்பெஞ்சிலிருந்து யாரோ அவளை "ஏ பீடி!" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. வந்த ஆத்திரத்தில் அந்தப் பையனை வெளியே நிறுத்தி, அவன் அப்பாவை வரவழைத்து, அரை மணி நேரம் பேசினேன். "ஒருத்தர் மேல பழி போடுறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஆதாரம் இருக்கா?" என்றெல்லாம் கேட்டேன். அதற்குப் பிறகு பள்ளியில் யாரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கம்கூட நன்றாக வந்தது. அதை நினைத்தால் இப்போதுதான் கூசுகிறது.

ஆடிகள் பாடம் வந்தது. ஸ்பூன் செய்தேன். மெழுகுவத்தி செய்தேன். மைதானத்துக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை.

கயல்விழிதான் எழுந்தாள். "டீச்சர், போன வருஷம் அக்காங்களுக்கெல்லாம் வெயில்ல பேப்பர் எரிச்சுக் காட்டுனீங்களாமே. எங்களுக்கு இல்லையா?"

"மேகமூட்டமா இருக்கும்மா. இன்னொரு நாள் பார்ப்போம்" என்றேன்.

அவள் சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

கிழக்கு வாசல்

அந்த வருஷம்தான் பாக்கியம் மகனைத் திருவிடைமருதூருக்கு அழைத்துப்போனது. அந்தக் கோயிலில் கிழக்கு வாசல் வழியாக நுழைந்தால், நம்மைப் பிடித்த தோஷம் அந்த வாசலிலேயே நின்றுவிடும், நாம் திரும்பி வரும்வரை காத்திருக்கும் என்பார்கள். அதனால் சாமி கும்பிட்டுவிட்டு வேறு வாசல் வழியாக வெளியேறிவிட வேண்டும்.

கலியபெருமாள் பழக்கத்தில் செருப்பைக் கிழக்கு வாசலில் விட்டுவிட்டார். எடுக்க அம்மா விடவில்லை. சுடுகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாராம். ஆசிரியர் அறையில் இந்தக் கதையைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். மூடநம்பிக்கை என்று நானும் ஒரு வார்த்தை சொன்னேன். யாருடைய தோஷத்துக்கு யார் வெறுங்காலோடு நடந்தது!

கயல்விழி பத்தாவது முடித்ததும் குடும்பமே கீழ்வேளூர்ப் பக்கம், கலியபெருமாளின் மனைவி ஊருக்குப் போய்விட்டது. எனக்கு ஒரு பாரம் குறைந்தது போல இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்திரிகை

சமீபத்தில் ஒரு நாள் காலையில் வாசலில் கலியபெருமாள். தலை நரைத்திருந்தது. கையில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. கயல்விழி நர்சிங் முடித்து வேலையில் இருக்கிறாளாம். கல்யாணம்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றேன்.

"அம்மா தவறி மூணு வருஷம் ஆச்சுங்க டீச்சர்."

பத்திரிகையைக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார். "மொதப் பத்திரிகை உங்களுக்குத்தான் வைக்கணும்னு கயலு சொல்லிடுச்சு. அந்த நேரத்துல ஊரே எங்கள ஒரு மாதிரி பாத்துச்சு. நீங்க ஒருத்தர்தான் என் புள்ளைக்காகப் பேசுனீங்க. அத நாங்க மறக்க மாட்டோம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நன்றி சொன்னதைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கண்ணாடியில் முகம்தானே தெரியும், தீ எப்படி வரும் என்று என்னையே பார்த்தார்.

பீரோவைத் திறந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். டிராக்டர் உதிர்த்துவிட்டுப் போன வைக்கோலில் நாலு தாளைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தேன். காலை வெயிலில் கண்ணாடியைச் சாய்த்தேன். மிளகளவு சூரியன் வைக்கோலில் விழுந்தது. புகைந்தது. கலியபெருமாள் கையை உதறிக் கீழே போட்டுக் காலால் மிதித்தார். அணைந்த பிறகும் மிதித்தார். குனிந்து பார்த்துவிட்டு மறுபடியும் மிதித்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்?"

"மறுநாள்."

"சூடம் ஏத்துனாங்களே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவர் தலையைத் தலையை ஆட்டினார். தாம்பாளத்தை எடுத்துக்கொண்டார். பத்திரிகையைத் திருப்பி எடுக்கவில்லை. "கல்யாணத்துக்கு நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் வருவாங்க. கோவிந்தராசு அண்ணனும் வருவாரு. நீங்க வந்து அவங்க முன்னாடி சொல்லுங்க. எனக்கு அது போதும்" என்றார். போயிட்டு வர்றேன் என்று சொல்லாமல் போனார்.

பந்தி

போனேன். கீழ்வேளூரில் ஒரு மண்டபம். தாலி கட்டி முடிந்ததும், ஊர்க்காரர்கள் பந்திக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராகப் போய், நின்றபடியே சொன்னேன். கோவிந்தராசு முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி, சன்னல், வெயில், நான் செய்து பார்த்த சோதனை, கோயிலில் வாய் மூடி நின்றது, ஒன்று விடவில்லை.

கோவிந்தராசு எழுந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இந்த மனசு யாருக்கு டீச்சர் வரும்?" என்றார். "பொண்ணு கல்யாணத்தன்னைக்கு அவன் தலைகுனியக் கூடாதுன்னு பழியத் தூக்கி உங்க மேல போட்டுக்கிறீங்களே!"

"இல்லைங்க, நிஜமாவே நான்தான்" என்றேன். குழி ஆடி, குவியம், மெய் பிம்பம் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர்கள் முகத்தில் மரியாதை கூடிக்கொண்டே போனது. என்னிடம் படித்த ஒருத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அந்தக் காலத்துலயே பீடின்னு சொன்னதுக்கு என்னைய அடிக்கவே வந்தாங்க" என்று பக்கத்தில் இருந்தவனிடம் பெருமையாகச் சொன்னான். முப்பது வருஷம் நான் எது சொன்னாலும் நம்பிய ஊர், இந்த ஒன்றை மட்டும் நம்பவில்லை. யாரோ என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் முதல் பந்தியில் முதல் இலையில் உட்காரவைத்தார்கள்.

கலியபெருமாள் எல்லாவற்றையும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மெல்ல வந்து என் இலைக்கு எதிரே குனிந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"விடுங்க டீச்சர். இவங்க நம்புனா என்ன, நம்பாட்டி என்ன. கண்ணுக்குட்டி செத்த அன்னைலேருந்து எங்கம்மா பால் தொடல. டீத்தண்ணில கூடப் பால் ஊத்த விடல. எம்மவன் ஒரு கண்ணுக்குட்டியக் கொன்னுட்டான், எனக்குப் பால் எதுக்குன்னு சொல்லும். சாவப்போற நேரத்துல நாங்க எல்லாரும் சுத்தி நின்னு வாயில பால் ஊத்துனோம். வாயத் தொறக்கல டீச்சர். பல்லக் கடிச்சுக்கிட்டே போயிடுச்சு."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். என் இலையைப் பார்த்தார். "டீச்சருக்குச் சோறு போடுங்கப்பா" என்று பரிமாறுகிறவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த வரிசையைக் கவனிக்கப் போனார்.